டெல்லியில் கூவிய பெரும்புதூர் பஸ்

போன மாதம் அண்ணியோடு டெல்லி போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள்: "முதல் தடவை போகிறோம், என்ன பார்க்கலாம், எவ்வளவு ஆகும்?" சொல்கிறேன். ஆனால் எனக்கு டெல்லி இது முதல் தடவை இல்லை. முதல் தடவை போனது 1991 டிசம்பரில். அதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுத மனசு ஒப்பவில்லை. குறிப்புகள் மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சமாகத்தான் கோபித்துக்கொள்வேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஓரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டில் வீடு. அண்ணன் ஏழுமலை வெல்டிங் படித்தவன். வளைகுடாவில் வேலை என்று ஓர் ஏஜெண்ட் சொன்னதை நம்பி ஜூலையில் டெல்லிக்குப் போனான். பதினைந்து நாளில் விசா கிடைத்துவிடும் என்றார்கள். மாதங்கள் ஓடின. அவன் அங்கே காத்திருக்கும்போதே ஆகஸ்டில் அண்ணி கஸ்தூரிக்குப் பையன் பிறந்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளையின் காதில் அப்பாதான் முதலில் பேரைச் சொல்ல வேண்டும், மூன்று முறை. அதற்கு முன்னால் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால் நாலு மாதமாகியும் அவன் வெறும் பாப்பாதான். பஞ்சாயத்துப் பதிவேட்டிலும் பேருக்கான இடம் காலியாகவே இருந்தது.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. விசா கிடைத்துவிட்டது, அடுத்த வியாழன் இரவு விமானம், பாப்பாவை அழைத்து வாருங்கள், புதன் காலை ஸ்டேஷனில் நிற்பேன், தவறினால் எதிர்த் தெருவில் லாட்ஜ் எடுங்கள், வந்துவிடுகிறேன். ஒப்பந்தம் மூன்று வருஷம். இப்போது விட்டால் பிள்ளைக்கு மூன்றரை வயது ஆன பிறகுதான் அப்பா முகத்தைப் பார்ப்பான். "அப்பா, கஸ்தூரி, பாப்பா திங்கள் புறப்படுகிறோம்" என்று பதில் தந்தி கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். தபாலில் இந்தி படித்து இரண்டு பரீட்சை தேறியிருந்த ஒரே தகுதியில் அவர் இடத்துக்கு நான் வந்தேன். என் இந்தியில் ராமன் பள்ளிக்கூடம் போவான், சீதா பழம் சாப்பிடுவாள். லாட்ஜில் ரூம் கேட்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

திங்கள் மதியம் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். ஓரகடம் வரை முக்கால் மணி நேர நடை. அங்கிருந்து தாம்பரத்துக்குப் பஸ், ஒண்ணே கால் மணி நேரம், டிக்கெட் இரண்டே கால் ரூபாய் என்று ஞாபகம். தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் பார்க் ஸ்டேஷன். இறங்கி ரோட்டைக் கடந்தால் சென்ட்ரல். டெல்லி வண்டிக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். எங்களுக்குக் கிடைத்தது ஆர்.ஏ.சி., அதாவது ஜன்னலோரத்தில் ஒரே ஒரு படுக்கை இரண்டு பேருக்கு. அண்ணியும் பாப்பாவும் படுத்தார்கள், நான் அவர்கள் காலடியில் உட்கார்ந்து சுமார் 2,180 கிலோமீட்டரும் போனேன். நாக்பூரில் ஆரஞ்சு வாங்குங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். நானும் வாங்கினேன், புளிப்பு.

எதிர் சீட்டில் டெல்லியில் ஆபீஸ் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், தலை நரைத்தவர். இரண்டாம் நாள் காலை பாப்பாவைக் கொஞ்சியபடி, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சார்."

அவர் பாப்பாவின் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற கொடுமை உங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் மெட்ராஸில் இருக்கிறவர்களுக்கே எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதம்மா. டெல்லியில அந்தப் பேரைச் சொல்லாத. ரெண்டு பொம்பளைங்க, கைக்குழந்தை வேற. லாட்ஜுல கேட்டா காஞ்சிபுரம்னு எழுது. பட்டுப் புடவைன்னா எல்லாருக்கும் புரியும்."

நல்ல மனசில்தான் சொன்னார். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அண்ணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாம இன்னா பண்ணோம்?" என்று முணுமுணுத்தாள்.

புதன் காலை ஏழு மணிக்குச் சேர வேண்டிய வண்டி பனிமூட்டத்தில் நின்று நின்று மதியம் ஒன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. பனி என்றால் எங்களுக்கு மார்கழிக் காலையில் வைக்கோல் போரை நனைக்குமே, அது. அதை நம்பி நாங்கள் கொண்டு போயிருந்தது ஒரு போர்வையும் இரண்டு துண்டும். பிளாட்பாரத்தில் இறங்கியபோது பேச வாயைத் திறந்தால் புகை வந்தது. பாப்பா அதைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

ஒரு மணி நேரம் நின்றோம். அண்ணன் இல்லை. அவன் கடிதங்களில் தபால் பெட்டி எண்ணைத் தவிர விலாசம் கிடையாது. தந்தியில் சொன்னபடி ஸ்டேஷனுக்கு எதிரே பஹார்கஞ்ச் பக்கம் போனோம். ஒரு தெருவில் இத்தனை லாட்ஜ் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பார்க்கக் கொஞ்சம் யோக்கியமாகத் தெரிந்த ஒன்றில் நுழைந்தேன். ரூம் அறுபது ரூபாய், வெந்நீர் பக்கெட் மூன்று ரூபாய். மேஜையில் இருந்த தாடிக்காரப் பெரியவர் நோட்டைத் திருப்பி வைத்தார். பேர் என்ற இடத்தில் அமுதா என்று எழுதினேன். ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு காஞ்சிபுரம் என்று எழுதினேன். எழுதி முடித்ததும், பரவாயில்லை, சாமர்த்தியமாகத்தான் நடந்துகொண்டோம் என்று ஒரு நினைப்பு வேறு.

மீதிப் பகல் முழுவதும் அண்ணி பால்கனியில் நின்றாள். கீழே முள்ளங்கி வண்டியும் பச்சைப் பட்டாணி வண்டியும் கம்பளிக் கடைகளுமாகத் தெரு நெரிந்தது. "வந்துடுவாரு, வந்துடுவாரு" என்று பாப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டிக் குளிர் தாங்காமல் உள்ளே வந்தாள். அண்ணன் வரவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி அந்தத் தாடிப் பெரியவர் டீ கொண்டுவந்தார். பாப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். ராமனையும் சீதாவையும் வைத்துக்கொண்டு அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. காஞ்சிபுரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார்.

நேற்று மாலை அவருடைய வேலை நேரம் முடிந்து வேறு ஆள் மேஜைக்கு வந்தபின், ஒரு மதராஸிப் பையன் வந்து ஏகாம்பரம் என்று ஒரு பேரைச் சொல்லி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறதா என்று கேட்டானாம். மாலை ஆள் எங்களைப் பார்க்கவே இல்லை. நோட்டைப் பார்த்து இல்லை என்று அனுப்பிவிட்டான். ஏகாம்பரம் எங்கள் அப்பா. அப்பாவுக்குப் பதில் நான் வந்தது அண்ணனுக்குத் தெரியாதே. வாயில் நுழையாத நம் பேரைவிட, அந்த வருஷம் டெல்லியில் எல்லோருக்கும் தெரிந்த பேரைச் சொல்லிக் கேட்பதுதான் சுலபம் என்று அவன் நினைத்திருக்கிறான். நான் எதைச் சொல்லப் பயந்தேனோ, அதைச் சொல்லித்தான் அவன் லாட்ஜ் லாட்ஜாக எங்களைத் தேடியிருக்கிறான்.

அண்ணியிடம் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அழுதுகொண்டே சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "மணி இன்னா?" என்று மட்டும் கேட்டாள். ஏழரை. அண்ணன் விமானத்துக்குப் போக எத்தனை மணிக்குக் கிளம்புவான், எங்கிருந்து கிளம்புவான், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

அண்ணி பாப்பாவைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்தாள், விடுவிடுவென்று படி இறங்கினாள். தெரு நடுவில் போய் நின்றாள். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணியின் அம்மா வீடு படப்பையில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. காலையிலிருந்து இரவு வரை கண்டக்டர்கள் ஊர்ப் பேரைக் கூவுவதைக் கேட்டே வளர்ந்தவள். அவள் வாயைத் திறந்தாள்.

"பெரும்புதூர்! பெரும்புதூர்! பெரும்புதூர்! ஓரகடம், வடக்குப்பட்டு! வடக்குப்பட்டு எறங்கறவங்கெல்லாம் வா, வா, வா!"

வீட்டில் மாமனார் எதிரே குரல் உயர்த்திப் பேசாத அண்ணி. "அண்ணி, வேணாம் அண்ணி, போலீஸு வந்துடும்" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"வரட்டும். வந்தா அவங்களையும் தேடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே கூவினாள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். லத்தி வைத்திருந்த ஒரு போலீஸ்காரர் எங்களைத் தாண்டினார், பாப்பாவைப் பார்த்தார், டீக்கடைப் பக்கம் போய்விட்டார். சால்வை போர்த்திய ஒரு முதியவர் மட்டும் அந்தப் பேரைக் கேட்டுத் திரும்பி வந்து, எங்கள் முன்னால் நின்று கைகூப்பினார். துக்க வீட்டில் கும்பிடுவது போலக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் இரண்டு நாளாகப் பயந்து செத்ததற்கு அந்த ஊர் எனக்குக் காட்டியது அவ்வளவுதான்.

இருநூறு முந்நூறு அடி போயிருப்போம். நானும் கூவ ஆரம்பித்திருந்தேன், வெட்கத்தை எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. ஒரு சந்துமுனையில் கம்பளித் தொப்பி போட்ட ஒல்லி ஆள் ஒருவன் கையில் டீ கிளாஸோடு அப்படியே நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்ததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்தது. கூவலை நிறுத்தினாள்.

அண்ணன் கிட்டே வந்தான். அவன் சொன்னது இதுதான்: "ஏய், பெரும்புதூர் பஸ்ஸு இங்கயுமா வருது?"

அண்ணி பாப்பாவைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். டீ கிளாஸை நான் வாங்கிக்கொண்டேன்.

புதன் மதியம் பன்னிரண்டு வரை ஸ்டேஷனில்தான் நின்றானாம். பாஸ்போர்ட்டில் கையெழுத்துப் போட ஏஜெண்ட் கூப்பிட்டிருந்ததால் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பி வந்திருக்கிறான், வண்டி எப்போதோ வந்து போய்விட்டது. அன்று மாலை முழுவதும் லாட்ஜ் லாட்ஜாகக் கேட்டு, காலை ஆறு மணிக்கு மறுபடி ஆரம்பித்திருக்கிறான். மதியம் மூன்று மணிக்கு ஏஜெண்ட் ஆபீஸில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஏழு மணி நேரம் மிச்சம். "டெல்லிக்கு வந்துட்டு டெல்லிய பாக்காம போவீங்களா?" என்றான்.

ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்தோம். செங்கோட்டைக்கு நாலு கிலோமீட்டர், பத்து ரூபாய். உள்ளே டிக்கெட் ஐம்பது பைசா. கோட்டை பெரிது, சிவப்பு, அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நான் கோட்டையைப் பார்த்தேன், அண்ணி அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் பாப்பாவின் கால் விரல்களை எண்ணிக்கொண்டு வந்தான். வாசலில் நடைபாதைக் கடையில் முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிப் பாப்பாவுக்குப் போட்டான். கை இரண்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

அங்கிருந்து இந்தியா கேட், ஆறேழு கிலோமீட்டர். பன்னிரண்டரைக்குப் பனி விலகி வெயில் வந்தது. புல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பாப்பாவை மடியில் வைத்தான். அண்ணி தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிழக்கு எது என்று தேடினாள். ஐந்து மாதமாக யோசித்து வைத்திருந்த பேரை அவன் காதோடு வாய் வைத்து மூன்று தடவை சொன்னான்.

"டில்லிபாபு. டில்லிபாபு. டில்லிபாபு."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கா நாலு மாசம் காத்துக்கினு கெடந்தோம்? நம்ம தெருவுலயே ரெண்டு டில்லிபாபு கீறானுங்க!"

"அவனுங்க டில்லிய பாத்தானுங்களா? இவன் பாத்துட்டான்ல" என்றான் அண்ணன். அண்ணி சிரித்தாள், அழுதாள், கடலைத் தோலை அவன்மேல் விட்டெறிந்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். அந்தப் புல்வெளியில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்துக்கு எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் நின்றோம். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "காஞ்சிபுரம்னு எதுக்குடி எழுதன?"

"பயமா இருந்துச்சிண்ணா."

"ஊரு இன்னாடி பண்ணுச்சி, பாவம்" என்றான். திட்டுவது மாதிரி இல்லை. தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உள்ளே போனான். அந்தக் குட்டு வலிக்கவே இல்லை, அதற்குத்தான் அதிகமாக அழுதேன்.

மூன்று வருஷம் என்று போனவன் நாலு வருஷம் கழித்து வந்தான். டில்லிபாபு அவனைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான், பிறகு சரியாகிவிட்டான். இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வீட்டிலிருந்து பைக்கில் பன்னிரண்டு நிமிஷம். ஷிப்ட் விடும் நேரத்தில் ரோட்டில் ஏறவே பதினைந்து நிமிஷம் ஆகிறது என்று புலம்புவான். அன்று நாங்கள் மண் ரோட்டில் நடந்த ஓரகடத்தில் இன்று கன்டெய்னர் லாரி போகாத நிமிஷம் இல்லை. அண்ணன் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வருஷ திதி முடிந்த அன்று அண்ணி கேட்டாள்: "அமுதா, அந்தப் புல்லுல ஒருக்கா போய் உக்காந்துட்டு வரலாமா?" போன மாதப் பயணம் அப்படி வந்ததுதான்.

சரி, குறிப்புகள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் வண்டி ஐந்து ஆறு மணி நேரம் தாமதமாவது இன்றைக்கும் நடக்கிறது, விமானமும் அப்படித்தான். வந்து சேரும் நாளில் எந்த ஏற்பாடும் வைக்காதீர்கள். பிப்ரவரிக் கடைசி, இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பர் நல்லது. குன்றத்தூரில் என் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அரை மணி நேரம் போதும் என்று கூகுள் சொல்லும், ஒரு மணி நேரம் வையுங்கள். விமானம் இரண்டே முக்கால் மணி நேரம். எங்களுக்குப் போக வர ஆளுக்குப் பதினோராயிரம் ஆனது, ரூம் ஒரு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. ஊருக்குள் மெட்ரோவை நம்புங்கள், ஆட்டோ என்றால் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஸ்வெட்டரை இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள், நம் ஊர் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்கு உதவாது. போனில் சார்ஜ் தீர்ந்தால் எங்கே சந்திப்பது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் கதையைப் படித்த பிறகுமா சிரிப்பீர்கள்?

இன்னும் ஒன்று பாக்கி. ஹோட்டலில் ரிசப்ஷன் பையன் கம்ப்யூட்டரில் தட்டியபடி "சென்னை, மேடம்?" என்று கேட்டான். பழக்க தோஷத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூரில் எல்லோரும் இப்போது சென்னைதான். அண்ணி மேஜையைத் தட்டினாள்.

"சென்னை இல்லப்பா. பெரும்புதூர்னு போடு."

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. நான் இந்தியில் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தேன். அவனுக்கு அந்தப் பேர் ஒன்றையும் நினைவுபடுத்தவில்லை, சின்னப் பையன். சாவியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, "இன்னா அண்ணி, இப்பல்லாம் ஊர் பேரை யாரு பாக்கறா?" என்று கேட்டேன்.

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உனக்கு இன்னா தெரியும். போன தடவ மாதிரி அவரு லாட்ஜு லாட்ஜா அலையக் கூடாதுடி."